வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு நாய்

செவலை எங்கள் வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் ஒன்றரைச் சாண் இடைவெளிக்குள் போய்ப் புகுந்துகொண்டதுதான். ஐந்து நாள் அங்கேயே கிடந்தாள். வைத்த சோற்றை நாங்கள் தூங்கிய பிறகு தின்றாள். ராத்திரி இரண்டு மணிக்கு எவர்சில்வர் தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்கும். எழுந்து விளக்கைப் போட்டால் இடுக்குக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். ஒன்றரை வயது இருக்கும். பின்னங்காலில் வண்டி ஏறிய தழும்பு. காது நுனியில், கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு சின்ன வெட்டு. நிரந்தரமாக ஒரு வீடு அமைகிறவரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு அவளைக் கொண்டுவந்து விட்டவர், பகலில் வங்கி வேலை, மற்ற நேரமெல்லாம் நாய்களுக்காக அலைச்சல் என்று இருக்கும் ஒரு பெண். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வட்டாரத்தில் ஃபாஸ்டர் என்று பெயர்.

ஐந்தாம் நாள் அவருக்குப் போன் போட்டேன். "ஒரு சத்தம் இல்லம்மா. குரைக்கறதே இல்ல. அமைதியான நாய், அபார்ட்மென்ட்டுக்கு ஏத்ததுன்னு போட்டோவோட போட்டுடலாமே?"

"அது அமைதி இல்லண்ணா, பயம். அவ யாருன்னு இன்னும் நமக்கே தெரியாது. ரெண்டு வாரம் அவளப் பாக்காத மாதிரி இருங்க, அப்புறம் பேசலாம்."

வீட்டுக்குள் ஒரு ஜீவன் இருக்கும்போது பார்க்காத மாதிரி இருப்பது லேசான வேலை இல்லை. கையும் ஓடாமல், கொஞ்சவும் முடியாமல், அந்த இரண்டு வாரமும் நாய்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

பயந்த நாயின் உடம்புக்குள் நடப்பது நமக்கு நடப்பதேதான். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி இரத்தத்தில் ஒரு ஹார்மோனை விடுகிறது. அது போய்ச் சேரும் இடம், சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள். அவை கார்டிசாலைச் சுரக்கின்றன. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ வேண்டிய சர்க்கரையை இரத்தத்தில் திரட்டித் தருவது கார்டிசாலின் வேலை. அந்த நேரத்தில் பசி, தூக்கம், விளையாட்டு எல்லாம் பின்னுக்குப் போய்விடும். மோத வந்த லாரி கடந்து போனதும் அடங்கிவிட வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் நாய்க் காப்பகத்தில் லாரி கடந்து போவதே இல்லை. பக்கத்துக் கூண்டில் யாரோ குரைத்துக்கொண்டே இருப்பார்கள், தெரியாத கைகள் தூக்கும், ஊசி குத்தும், ஃபினாயில் வாடை அடிக்கும்.

அமெரிக்காவில் மைக்கேல் ஹென்னசி குழுவினர் 1997இல் ஒரு பொதுக் காப்பகத்து நாய்களின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். வந்து மூன்று நாளுக்குள் இருந்த நாய்களுக்கு, ஒன்பது நாளுக்கு மேல் தங்கியிருந்தவற்றைவிடவும், சொந்த வீட்டில் இருந்த வளர்ப்பு நாய்களைவிடவும் கார்டிசால் கூடுதலாக இருந்தது. நாயைத் தத்தெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் எந்த நாளில் அதைப் பார்க்கிறார்கள் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து 'சாது' என்கிறோம். கம்பியைக் கடிப்பதைப் பார்த்து 'முரடு' என்கிறோம். இரண்டு பெயரும் அநேகமாக அந்த ஹார்மோனுக்கு வைத்த பெயர்கள்தான்.

நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. இரத்தமும் சிறுநீரும் அந்தந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். ஆனால் முடி வளரும்போது, உடம்பில் ஓடும் கார்டிசாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுள் சேர்த்துக்கொண்டே வளர்கிறது. ஆகவே ஓர் இடத்தில் சிரைத்துவிட்டு, அங்கே புதிதாக முளைத்த முடியைச் சோதித்தால், கடந்த சில வாரங்கள் அந்த நாய்க்கு எப்படிப் போயின என்று படித்துவிடலாம். 52 காப்பக நாய்களிடம் இப்படிப் பார்த்தார்கள்; 2022இல் முடிவுகள் வெளிவந்தன. காப்பகத்தில் ஆறு வாரம் கழிந்தபோது முடியில் இருந்த கார்டிசால், வந்தபோது இருந்ததைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. வெளியே வால் ஆட்டப் பழகிவிட்ட நாயின் முடி வேறு கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வீடு கிடைத்துப் போன பிறகு அளவு இறங்கியது.

காப்பகம் நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் ஐம்பது நாய் இருக்கும் இடம் ஐம்பது நாய் இருக்கும் இடம்தான். அதனால்தான் ஃபாஸ்டர் வீடுகளுக்கு இவ்வளவு தேடல். லிசா குன்டர் தலைமையில் அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களின் 207 நாய்களை ஓரிரு இரவுகளுக்கு மட்டும் யாராவது வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்த இரவுகளில் கார்டிசால் இறங்கியது. நாய்கள் நீண்ட நேரம் இடைவிடாமல் தூங்கின. திரும்பிக் கொண்டுவந்து விட்டதும் பழைய அளவுக்கே ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை. 'கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி விட்டால் பாவம் ஏங்கிப் போகாதா' என்று தயங்குகிறவர்களிடம் நான் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தயக்கம் குறைந்ததாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

இந்தப் பயத்துக்கு நேர்மாறான ஓர் அதிசயமும் உண்டு. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 2001இல் மார்த்தா காக்சியும் அவர் சகாக்களும் காப்பகத்தில் கிடந்த, வளர்ந்த நாய்களை எடுத்துக்கொண்டார்கள். புதிய ஆள் ஒருவர் ஒவ்வொரு நாயோடும் மூன்றே மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம் பழகினார். பிறகு, குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பற்றை அளக்க உளவியலாளர்கள் வைத்திருக்கும் அதே சோதனையை நடத்தினார்கள். தெரியாத அறை, தெரியாத ஆள், பழகிய ஆள் வெளியே போய்த் திரும்பி வருவார். நாய்கள் அந்த அரை மணி நேர உறவுக்காரரைத் தம் ஆளாகவே நடத்தின. கதவருகே நின்றன, திரும்பி வந்ததும் ஒட்டிக்கொண்டன. ஒரு வீட்டை இழந்த நாய் இன்னொரு மனிதரை ஏற்றுக்கொள்ள மாட்டாது என்ற கதைக்கு இங்கே ஆதாரம் இல்லை. அது ஆளுக்காகக் காத்திருக்கிறது. பயம் வழிவிட்டால் போதும்.

ஆனால் எல்லா நாய்க்கும் இது பொருந்தாது. 1961இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர், உயரமான வேலி போட்ட வெளியில் குட்டிகளை மனித வாடையே படாமல் வளரவிட்டார்கள். சில குட்டிகளை இரண்டாம் வாரத்தில், சிலவற்றை ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வாரங்களில் உள்ளே கொண்டுவந்து மனிதரோடு பழகவிட்டார்கள். பதினான்கு வாரம்வரை யாரையும் காணாமலே இருந்த குட்டிகளைப் பிடித்து வந்தபோது அவை காட்டு விலங்குகளைப் போல நடந்துகொண்டன. நல்ல நாய்ச் சாதி, நல்ல சாப்பாடு, அடி உதை எதுவும் இல்லை. இருந்தும், மனிதன் என்றால் ஆபத்தில்லை என்று மூளை கற்றுக்கொள்ளும் சன்னல் சாத்திக்கொண்டுவிட்டது. மூன்றாம் வாரத்தில் திறந்து பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் மெல்ல மூடும் சன்னல் அது. முழுக்க அறைந்து சாத்திவிடுவதில்லை, ஆனால் அதற்குப் பிறகு சொல்லித்தருவதற்கு வாரங்கள் போதாது, மாதங்கள் வேண்டும்.

குட்டிகளை மீட்கிறவர்களின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. இதே வாரங்களில்தான் பார்வோவும் வருகிறது. 1978 வாக்கில் உலகமெங்கும் திடீரெனத் தோன்றிப் பரவிய வைரஸ் அது. குடலின் உள்சுவரை அரித்து, இரத்தமாகப் பேதியாக்கி, சில நாளில் குட்டியைக் கொன்றுவிடும். தடுப்பூசி உண்டு. ஆனால் சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புப் புரதங்கள் குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை அவை தடுப்பூசியையும் எதிரியாக நினைத்து முடக்கிவிடும். அவை தேய்ந்துகொண்டே வரும்போது, நோயைத் தடுக்கப் போதாத, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதுமான ஓர் இடைப்பட்ட காலம் வரும். அது எந்தக் குட்டிக்கு எந்த வாரம் என்று சொல்ல முடியாது. ஆகவேதான் ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். ஊசி முடியும்வரை குட்டியை வெளியே காட்டாதே என்கிறது ஒரு விஞ்ஞானம்; பதினான்கு வாரத்துக்குள் உலகத்தைக் காட்டிவிடு என்கிறது இன்னொன்று. இரண்டும் சரி. மீட்புக் குழுக்காரர்கள் குட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தரையில் விடாமல், தெருமுனைவரை போய் ஆட்டோவையும் பள்ளிக்கூடம் விடும் கூட்டத்தையும் காட்டிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு விஞ்ஞானத்துக்கும் நடுவே அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

பார்வோவைப் பற்றி இன்னொன்று. கொழுப்புறை இல்லாத வைரஸ் என்பதால் ஃபினாயிலுக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. பிளீச்சிங் திரவம் வேண்டும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தத்தெடுக்க வருகிறவரிடம் "முன்னாடி நாய் வளர்த்தீங்களா? அதுக்கு என்ன ஆச்சு?" என்று செவலையைக் கொண்டுவந்து விட்ட அந்தப் பெண் கேட்கும்போது, எதிர்ப்பக்கம் பலருக்கு முகம் சுண்டிவிடும். போன வருஷம் அந்த வீட்டு முற்றத்தில் ஒரு குட்டி இரத்தப் பேதியில் செத்திருந்தால், இந்த வருஷம் ஊசி முடியாத இன்னொரு குட்டியை அங்கே அனுப்பக் கூடாது. கேள்விக்குப் பின்னால் இருப்பது அவ்வளவுதான்.

கேள்விகள் இதோடு நிற்பதில்லை. வாடகை வீடா, ஹவுஸ் ஓனர் சம்மதித்தாரா? பகலில் வீட்டில் யார்? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? மாடியிலோ கேட்டிலோ கட்டிப் போடுவீர்களா? தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்? ஒருத்தர் பொறுக்க முடியாமல், "பொண்ணு கேட்டு வந்தாக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கம்மா" என்றாராம். அதற்கு இவர், "அதான் சார் அங்கயும் தப்பாயிடுது" என்றிருக்கிறார். பதில் சொல்லப் பொறுமையில்லாமல் வைத்துவிடுகிறவர்கள் பாதிப் பேர். மீதிப் பேரில் கணிசமானவர்கள் கேட்பது "ஆண் குட்டி இருக்கா?" பெட்டைக் குட்டிகளைத் தேடி வருகிறவர்கள் குறைவு. சாக்குப் பையில் கட்டிக் காப்பக வாசலில் வைத்துவிட்டுப் போவதிலும் அவைதான் அதிகம் என்கிறார். கர்ப்பம் அறுபத்துமூன்று நாள், வருஷத்துக்கு இரண்டு ஈற்றுகூட ஆகலாம் என்ற பயம். கருத்தடை செய்துவிட்டால் தீரும் பயம்தான். அதனால்தான் பொறுப்பான குழுக்கள் கருத்தடை செய்யாமல் வளர்ந்த நாயை யாருக்கும் கொடுப்பதில்லை. சின்னக் குட்டியாக இருந்தால் வயது வந்ததும் செய்தாயிற்றா என்று துரத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் லாப்ரடார் இருக்கிறதா, ஹஸ்கி இருக்கிறதா என்று கேட்கும். சென்னை வெயிலில் ஹஸ்கி! 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் சயன்ஸ் இதழில் வெளியான மரபணு ஆய்வில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் சாதி விளக்குவது ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று கண்டார்கள். மீதியெல்லாம் அந்தந்த நாயின் பிறவியும் வளர்ப்பும். இதைக் கேட்டு யாராவது நாட்டு நாயை எடுத்துப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஹஸ்கி வாங்கியவர்கள் இரண்டு வருஷம் கழித்து அதைக் கொண்டுவந்து விடுவதைத்தான் கேள்விப்படுகிறேன்.

காப்பக வாசலில் வந்து சேரும் நோய்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் நகர மனமில்லை. தெரு நாய்களின் பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் கட்டி ஒன்று வரும். பார்க்கவே சகிக்காது; வாசலில் நிற்கும் அந்த நாயைக் கல்லால் அடித்து விரட்டுவார்கள். அது புற்றுநோய், ஆனால் அந்த நாயின் உடம்பில் பிறந்த புற்று இல்லை. இனச்சேர்க்கையின்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கு வைரஸோ கிருமியோ போகாமல், புற்றணுக்களே நேராக ஒட்டிக்கொண்டு போகின்றன. இன்றைக்கு உலகமெங்கும் இருக்கும் இந்தக் கட்டிகள் அத்தனையும், 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் அணுக்கள் என்று மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நாய் செத்து ஆயிரமாயிரம் வருஷம் ஆகிவிட்டது, அதன் உடம்பின் ஒரு துணுக்கு மட்டும் உடம்பு விட்டு உடம்பு தாவி இன்னும் உயிரோடு இருக்கிறது. இதற்கு மருந்து வின்கிறிஸ்டின். வாரம் ஒரு ஊசி, சில வாரங்களில் பெரும்பாலும் முழுக்கக் கரைந்துவிடும். வின்கிறிஸ்டின் கிடைப்பது நித்தியகல்யாணியிலிருந்து. சுடுகாட்டுப் பூ என்று சிலர் வீட்டில் வைக்காமல் ஒதுக்கும் அதே ஊதாப் பூச் செடி. ஒதுக்கப்பட்ட நாய்க்கு ஒதுக்கப்பட்ட செடி. மருத்துவம் இவ்வளவு எளிதாக இருந்தும், ஊசி முடியும்வரை அந்த நாயை வாரக்கணக்கில் தனியே வைத்துக்கொள்ள இடம் கிடைக்காமல் குழுக்கள் தவிக்கின்றன.

இவ்வளவும் படித்த பிறகு, தெருவில் காணும் நாயையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொல்கத்தாவில் அனிந்திதா பத்ராவின் ஆய்வுக் குழு பல வருஷமாகத் தெரு நாய்களை அவற்றின் இடத்திலேயே வைத்துப் படிக்கிறது. பழகாத மனிதர்கள் கொடுக்கும் தீனியைவிட அவர்கள் தடவிக்கொடுப்பதே நாளடைவில் அந்த நாய்களின் நம்பிக்கையைப் பெறுகிறது என்று கண்டார்கள். தெரு நாய் மனிதனை அறியாத நாய் இல்லை. தெருவே அதன் வீடு, அதில் அதற்கு எல்லை உண்டு, சொந்தபந்தம் உண்டு, பால்காரர் உண்டு. பிடித்துக் கொண்டுபோய் வேறு தெருவில் விட்டால் அங்குள்ள நாய்கள் கிழித்துவிடும். அதே குழு 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்ததில், இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. செத்தவற்றில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்கள் காரணம். அதில் குட்டிகளைத் தாயிடமிருந்து தூக்கிக்கொண்டு போவதும் சேர்த்திதான். இரக்கப்பட்டு நாலு வாரக் குட்டியைத் தூக்கி வந்து, பாக்கெட் பால் ஊற்றி, நாலு நாளில் புதைக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். குறைந்தது எட்டு வாரம் அது தாயிடம் இருக்க வேண்டும்.

சென்னையில் 2024 கணக்கெடுப்பின்படி தெரு நாய்கள் ஏறக்குறைய 1.8 லட்சம். இத்தனைக்கும் வீடு தேடுவது நடக்கிற காரியமா? கருத்தடை, வெறிநாய்த் தடுப்பூசி, பிடித்த இடத்திலேயே திருப்பி விடுவது என்பதுதான் மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள் சொல்லும் வழி. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டார நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில் அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை ஊசி போட்டு, கருத்தடை செய்து, பழைய இடத்திலேயே விடலாம் என்றது. விரும்புகிறவர்கள் தத்தெடுக்கலாம், ஆனால் எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் நாய்களைத் திருப்பி விடக் கூடாது என்று இன்னொரு உத்தரவு. ஒவ்வொரு உத்தரவுக்கும் மறுநாள் மீட்புக் குழுக்களின் போன் ஓய்வதில்லை: 'எங்க தெரு நாயைப் பிடிக்க வர்றாங்களாம், யாருக்காவது கொடுத்துடுங்க.' அவசரத்தில் கொடுக்கும் நாய் அவசரமாகவே திரும்பி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நாய்க்கடியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இந்தக் கார்டிசால் கதையைப் பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

செவலைக்கு வீடு தேடியது, அவள் தெருவுக்குத் திரும்ப முடியாது என்பதால். அவள் இருந்த இடத்தைப் பாலம் கட்டும் வேலைக்காகத் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு இன்னோர் இடத்தில் அவளால் சண்டை போட்டு இடம் பிடிக்கவும் முடியாது. மைக்ரோசிப் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். அரிசி மணி அளவுக் கண்ணாடிக் குப்பி, தோள்பட்டைக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் போடுவது. பலர் நினைப்பதுபோல் அது நாய் எங்கே போகிறது என்று காட்டாது. அதற்குள் பேட்டரியே கிடையாது. கருவியை அருகே கொண்டுபோனால் கருவியின் மின்காந்த அலையிலிருந்தே சக்தியைக் கடன் வாங்கித் தன் பதினைந்து இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு அணைந்துவிடும். அந்த எண்ணுக்கு நேரே யாருடைய பெயர் இருக்கிறது என்பதுதான் சங்கதி. செவலையின் எண்ணுக்கு நேரே அப்போது அந்தக் குழுவின் பெயர்தான் இருந்தது. புது வீடு போனாலும் சரிப்படவில்லை என்றால் எத்தனை வருஷம் கழித்தும் திரும்பி வர ஓர் இடம் வேண்டும், அதற்காக இப்படி என்றார்.

ஆறாம் நாள் மூக்கு வெளியே வந்தது. ஒன்பதாம் நாள், என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து படுத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கேரட் துண்டு ஒன்று மட்டும் கை தவறியதுபோல் கீழே விழுந்தது. பதினேழாம் நாள் காலை ஏழு மணிக்கு கோலமாவு விற்பவர் சைக்கிளில் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். செவலை பால்கனிக்கு ஓடி, கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்துக் குரைத்தாள். மூன்று மாடியும் அதிரும் குரல். அவருக்கும் குரைத்தாள், அடுத்து வந்த பேப்பர்காரருக்கும், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட அம்மாளுக்கும், அந்த அம்மாள் திரும்பி உள்ளே போன பிறகு அந்தத் துணிக்கும் குரைத்தாள்.

போன் போட்டுச் சொன்னேன். பின்னணியில் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கே புரிந்திருக்கும்.

"அப்பாடா, வாயத் தொறந்துட்டாளா," என்றார். "இப்ப போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா. அபார்ட்மென்ட் வேணாம். தனி வீடு, காம்பவுண்டு சுவர் இருக்கணும், பக்கத்து வீட்டுக்காரங்க கொஞ்சம் பொறுமைசாலியா இருக்கணும்னு எழுதிடறேன்."